அந்த வருஷத்து உப்பு

பாளை சீவ மரமேறுகிறவன் பாடிக்கொண்டுதான் ஏறவேண்டும். அந்தத் தீவில் அது வழக்கம். தென்னை உச்சியில் உட்கார்ந்தவனுக்கு அடுத்த வீட்டுக் குளியல் மறைப்புக்குள்ளும் தெரியும், யார் அடுப்பில் என்ன வேகிறது என்றும் தெரியும். மேலே ஆள் இருக்கிறான் என்று கீழே இருப்பவர்கள் தெரிந்துகொள்ளத்தான் பாட்டு. விடியும்போது ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, ஊர் முழுக்க உச்சிகளிலிருந்து பாட்டுக் கேட்கும்.

பனாபா மட்டும் பாடமாட்டான். எழுபத்தொரு வயதிலும் ஓசையில்லாமல் ஏறுவான், ஓசையில்லாமல் இறங்குவான். "பூனை ஏறுதுடி, துணியச் சரி பண்ணிக்கோ" என்று பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வார்கள். கேட்டால் தொண்டை சரியில்லை என்பான். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. பாட்டுக் கேட்டால் மனுஷன் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிடுவான். நிறுத்துவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதுதான் பனாபாவுக்கு வேண்டியது.

யாரையும் நம்பாத பிறவி அவன். ரேடியோவை நம்பமாட்டான். தலைநகர் ஃபூனாஃபுட்டியிலிருந்து வரும் மாத்திரையை நம்பமாட்டான், பாதியை உடைத்துக் கோழிக்குப் போட்டுப் பார்ப்பான். இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவன். அங்கே சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில், பசிபிக் கடலுக்கு நடுவில், தன் துவாலு நாடு ஈ எச்சம் மாதிரி ஒரு புள்ளியாக இருந்ததைப் பார்த்த அன்றைக்கே படிப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது. இந்தப் புள்ளியில் என் குழி எங்கே இருக்கிறது என்று வாத்தியாரைக் கேட்டான். அடி விழுந்தது.

குழி என்றால் புலாக்காக் குழி. சேம்பு மாதிரிக் கிழங்குதான், ஆனால் ஆளை விட உயரமாக வளரும். பவழ மண்ணில் எதுவும் முளைக்காது என்று, அடியில் ஊறும் நல்ல தண்ணீர் வரைக்கும் முன்னோர்கள் தோண்டி, இலையும் குப்பையும் போட்டு மண்ணை உண்டாக்கி, அதில் நட்டார்கள். தீவில் அப்படிப் பன்னிரண்டு குழி. குழிக்கு என்ன உரம் போடுகிறோம் என்பதை அந்த வீட்டு ஆம்பிளை சாகும்போதுதான் வாரிசு காதில் சொல்வான். அடுத்தவன் குழியை எட்டிப் பார்ப்பது அடுத்தவன் பெண்டாட்டியை எட்டிப் பார்ப்பதை விட மோசம். பனாபாவின் குழியில் எட்டு வயசுச் செடி ஒன்று நின்றது. இலை ஒவ்வொன்றும் படகுப் பாய் அகலம். அவனுக்குச் சாப்பாடும் மானமும் அந்தக் குழிதான். மகள் பெலெனிகேக்கு விட்டுப்போக அவனிடம் வேறு எதுவும் கிடையாது.

அந்த வருஷம் பிறந்ததே சரியில்லை. ஜனவரியில் கடல் பொங்கி, தலைநகரில் விமானம் இறங்கும் தரையில் கீழேயிருந்து தண்ணீர் கொப்பளித்தது. ஏப்ரலில் அரசாங்கம் கவிழ்ந்தது. மொத்தமே பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் சபை. அதில் ஒருத்தன் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தால் போதும், நாடு மாறிவிடும். அந்த ஒருத்தன் இவர்கள் தீவின் உறுப்பினன். மந்திரி ஆனதும் ரேடியோவில் பேசினான்: "என் தீவுக்கு நாலு பெரிய தண்ணித் தொட்டி அனுப்புறேன்."

"அவன் தாத்தா காலத்துலேருந்து அந்த வீட்டுல வாயிலதான் மழை பெய்யும்," என்றான் பனாபா.

தொட்டிகள் தலைநகர்த் துறைமுகத்தில் வந்து இறங்கத்தான் செய்தன. அதைக் கையளிக்கும் விழாவில் பழைய மந்திரி நிற்பதா, புதிய மந்திரி நிற்பதா என்று தகராறு. தொட்டிகள் வெயிலில் காய்ந்தன. ஜூன் மாதம் நாலாந்தேதி பெய்ததுதான் கடைசி மழை.

ஜூலையில் ஊர் மண்டபம் கூடியது. ஒவ்வொரு குடும்பத்துப் பெரியவனும் தன் தன் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். தலைவர் எசெகியா சொன்னார்: "நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல எண்ணெய் மாதிரி மிதக்குது. மழை இல்லாம அது பாலேடு மாதிரி மெல்லிசாப் போச்சு. யாரும் குழிய ஆழப்படுத்தக் கூடாது. இறைக்கக் கூடாது. ஒருத்தன் குத்தினா எல்லாருக்கும் உப்பு ஏறிடும். மீறினவன் குழிய ஊரே கூடிக் கல்லக் கொட்டித் தூத்துரும்." எல்லாரும் சரி என்றார்கள். பனாபாவும் சரி என்றான். மற்றவர்கள் சரி என்று சொன்ன விதம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பரில் நாடு முழுக்க நெருக்கடி நிலை. வெளிநாட்டுச் சிப்பாய்கள் விமானத்தில் வந்து தலைநகரில் கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் வைத்தார்கள். வெளித்தீவுக்கு எதுவும் வரவில்லை. இங்கே கோயில் பக்கத்துக் கிணறுதான். வீட்டுக்கு இரண்டு வாளி.

அந்த நாட்களில்தான் பனாபா உச்சியிலிருந்து சலோவாவைப் பார்த்தான்.

சலோவாவுக்கும் இவன் வயசுதான். ஒரே நாளில் ஞானஸ்நானம். ஐம்பது வருஷமாகப் போட்டி. பெருநாளில் மண்டபத்துக்குக் கொண்டுவரும் கிழங்கில் இந்த வருஷம் இவனுடையது பெரிசு என்றால் அடுத்த வருஷம் அவனுடையது. அவன் விடியும்போதே மண்வெட்டியோடு தன் குழிக்குப் போவதைப் பனாபா பார்த்தான். குழிக்குள் நடப்பதை மட்டும் இலைகள் மறைத்தன. திரும்பும்போது கால் முழங்கால் வரைக்கும் ஈரம். மறுநாளும் அப்படியே. ஏழு நாள் பார்த்தான். நாடே காய்ந்து கிடக்கிறது, இவன் காலில் மட்டும் எப்படி ஈரம்?

"தோண்டுறான்," என்றான் படகுக் கொட்டகையில். "சலோவா தோண்டுறான். மண்வெட்டியப் பார்த்தேன், காலப் பார்த்தேன்."

"நீ பார்க்காதது எதுடா இருக்கு?" என்று சிரித்தார்கள். ஆனால் பேச்சு நின்றுவிட்டது.

இவன் குழியில் இலைகள் ஓரம் கருகத் தொடங்கியிருந்தன. எட்டு வயசுச் செடி தலை தொங்கிற்று. சலோவா மட்டும் செடியைக் காப்பாற்றிக்கொள்வான், நான் சட்டம் பேசிக்கொண்டு பட்டினி கிடப்பேனா என்று நினைத்தான். எல்லாரும் தோண்டுகிறார்கள், நான் ஒருத்தன்தான் முட்டாள் என்று நினைத்தான். ஒரு மனுஷன் தப்புப் பண்ணப் புறப்படும்போது அவனுக்கு ஊரே துணைக்கு வருகிற மாதிரித்தான் தோன்றும்.

தீவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் மீன் பிடிக்கமாட்டார்கள், மரம் ஏறமாட்டார்கள், சமையலைக் கூட முதல் நாளே சுட்ட கல் மேல் வைத்து மூடிவிடுவார்கள். எல்லாரும் கோயிலில். அந்த நேரத்தைத்தான் பனாபா எடுத்துக்கொண்டான். மூட்டு வலி என்று பெலெனிகேயிடம் சொன்னான். கோயிலில் துதிப்பாட்டு ஏறி இறங்க, இவன் குழியின் மூலையில் கடப்பாறையால் குத்தினான். மூன்று ஞாயிறு. மூன்றடி. தண்ணீர் வந்தது. முதல் இரண்டு வாரமும் இனிப்பாக வந்தது. சிரட்டையால் மொண்டு மொண்டு செடிகளுக்கு ஊற்றினான். மூன்றாவது ஞாயிறு ஒரு மணி நேரம் நிறுத்தாமல் இறைத்தான். இலை நிமிர்ந்தது. அவன் சிரித்தது அந்த வருஷத்தில் அன்றைக்கு ஒரு தடவைதான்.

கோயில் கிணறு அவன் குழியிலிருந்து முப்பதடி.

புதன்கிழமை காலை பெலெனிகே டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா, டீ கரிக்குது."

"சீனி போடு."

"சீனி போட்டுத்தான் கரிக்குது."

பனாபா வாங்கிக் குடித்தான். நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது.  வெளியே அதற்குள் கிணற்றடியில் சத்தம். ஒருத்தி காறித் துப்பி, "யாரோ குத்திட்டாண்டா!" என்று அலறினாள்.

குத்தினவன் யார் என்று யோசிக்க ஊருக்கு நேரமே ஆகவில்லை. படகுக் கொட்டகையில் விதைத்தது முளைத்து நின்றது. மத்தியானத்துக்குள் சலோவா வீட்டு வாசலில் நாற்பது பேர்.

அன்றிலிருந்து ஊர் இளநீரில் உயிர் பிழைத்தது. காய்ப்பு ஏற்கெனவே பாதி. குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் ஆரம்பித்தது. பெலெனிகே ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், தலைநகருக்குத் தகவல் சொன்னாள். எட்டு நாள் கழித்து வியாழக்கிழமை கப்பல் வந்தது. எந்திரம் வரவில்லை. குடிதண்ணீர் அறுபது ஜாடியும், தண்ணீரைப் பரிசோதிக்க அரசாங்கம் அனுப்பிய மகலீத்தா என்று ஒரு சின்னப் பெண்ணும் வந்தார்கள். கையில் கம்பி மாதிரி ஒரு கருவி.

அவள் கிணற்றில் கம்பியை விட்டாள், எண் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். "பெரியவங்களே, பக்கத்துல யாரோ ரொம்ப இறைச்சிருக்காங்க. ஒவ்வொரு குழியிலயும் இதை விட்டுப் பார்க்க விடுங்க. எங்க உப்பு ஜாஸ்தியோ அதுதான் ஓட்டை. அஞ்சு நிமிஷ வேலை."

பன்னிரண்டு குழிக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள்.

"என் பொண்டாட்டிக்கே நான் காட்டினதில்ல," என்றான் ஒருவன்.

"மேல நின்னு விடுறேன். எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்."

"கம்பி பார்க்குமில்ல?" என்றான் பனாபா. "அதுக்குள்ள படம் பிடிக்கிறது இருக்கும்."

"உப்பு மட்டும்தான் தாத்தா பார்க்கும்."

"இப்ப உப்பு மட்டும்தாம்மா பார்க்கும்."

சிலர் சிரித்தார்கள். பனாபாவும் பல்லைக் காட்டினான். சட்டைக்குள்ளே வியர்வை கோடு கோடாக இறங்கியது. சலோவாவும் மாட்டேன் என்றான், எல்லாரையும் விட உரக்க. அதுவே அவன் கழுத்துக்குச் சுருக்காயிற்று.

"அப்படின்னா மண்டபம் விசாரிக்கட்டும்," என்றார் எசெகியா. "சனிக்கிழமை காலையில. பனாபா, பார்த்தவன் நீ. நீ எழுந்து சொல்லணும்."

வெள்ளிக்கிழமை பனாபா குழிக்குப் போனான். மூலையில் குத்திய ஓட்டையில் மணலையும் இலையையும் போட்டு மிதித்தான். மூடிவிட்டது, பார்த்தால் தெரியாது. எட்டு வயசுச் செடியைத் தொட்டான். இலைக்காம்பு ரப்பர் மாதிரி வளைந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் பெலெனிகே கடப்பாறையில் ஏறியிருந்த துருவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீரில் நனைந்த இரும்பு அப்படித் துருவேறாது. அது தீவில் குழந்தைக்கும் தெரியும்.

"மூணு ஞாயிறு மூட்டு வலி," என்றாள், நிமிராமல்.

"ஆமா. வலி இப்பவும் இருக்கு."

"நான் ஒண்ணும் கேக்கலைப்பா."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லுவே. ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் சாகுற வரைக்கும் அதையே பிடிச்சுட்டுத் தொங்குவே. அதனால கேக்கல." கடப்பாறையைச் சுவரில் சாய்த்தாள். "சலோவா மாமா பேத்திக்கு நேத்து ராத்திரியெல்லாம் வயித்தால போச்சு. கப்பல் தண்ணியில முதல் ஜாடிய அவங்களுக்குத்தான் ஒதுக்கினேன். வாங்கிக்க யாரும் வரல. வெக்கம். நான் கொண்டுபோய் வாசல்ல வச்சுட்டு வந்தேன்."

பனாபா சுவரோரம் உட்கார்ந்தான். தன் மகள் தன்னைக் காட்டிக்கொடுப்பாளா என்று ஒரு நிமிஷம் அவள் முதுகையே பார்த்தான். அப்படிப் பார்க்கிறோமே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் ஒரு விசிறி கூட ஆடவில்லை. பெரியவர்கள் தூணில் சாய்ந்திருந்தார்கள். பெண்கள் ஓலைப்பாயின் வெளிவரிசையில். மகலீத்தா ஓரமாக, கம்பியை மடியில் வைத்துக்கொண்டு. சலோவா தன் தூணில் சாயாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

எசெகியா கேட்டார்: "சலோவா, விடிகாலையில குழிக்குப் போனியா?"

"போனேன்."

"மண்வெட்டி கொண்டு போனியா?"

"போனேன்."

"எதுக்கு?"

"சொல்லமாட்டேன்."

"தோண்டினியா?"

"இல்ல."

"அப்ப மண்வெட்டி எதுக்குடா?"

"என் அப்பா எங்கிட்டச் சொன்னத நான் சாகும்போதுதான் சொல்லுவேன். உரம் போட்டேன். என்ன உரம்னு கேக்காதீங்க. எடுத்துக் காட்டச் சொல்லாதீங்க."

"குழி போயிடும், சலோவா. தூத்திருவோம்."

"தூத்துங்க." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தூத்தினா உள்ள இருக்கிறது யாருக்கும் தெரியாமப் போகுமில்ல? தூத்துங்க."

கூட்டத்தில் முனகல். இது குற்றவாளியின் திமிர் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். பன்னிரண்டு குழிக்காரர்கள் மட்டும் அசையவில்லை. அவர்களில் யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். பனாபாவும் அதைத்தான் சொல்லியிருப்பான். அந்த எண்ணம் அவனுக்குள் எலும்பு மாதிரிச் சிக்கிக்கொண்டது.

"அப்ப கால் ஈரம்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "ஊருக்கே தண்ணி இல்ல, உன் காலுக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு?"

 பெண்கள் வரிசையில் அவன் மனைவி வாயெலெய் எழுந்தாள். மண்டபத்தில் பெண்கள் அப்படி எழுவது வழக்கமில்லை.

"நான் சொல்றேன் எங்கேருந்துன்னு. எங்க வீட்டு ரெண்டு வாளியில ஒரு வாளி. இந்த மனுஷன் குடிக்கிற பங்கு, குளிக்கிற பங்கு, என் பங்குல பாதி. எல்லாத்தையும் ராத்திரியே குழிக்குள்ள கொண்டுபோய் வச்சு, விடிஞ்சதும் அந்தப் பாழாப்போன செடிக்கு ஊத்தினான். அவன் உதட்டப் பாருங்க! தோண்டினவன் உதடு இப்படியா இருக்கும்?"

"உக்காருடி!" என்று சலோவா சீறினான். தோண்டினான் என்று சொன்னபோது வராத வெட்கம் இப்போது அவன் முகத்தில் வந்தது.

"பொண்டாட்டி சொல்றது சாட்சி இல்ல," என்றது ஒரு குரல்.

எசெகியா கையை உயர்த்தினார். "பனாபா. எழுந்திரு. மேலேருந்து என்ன பார்த்தே?"

பனாபா எழுந்தான். மூட்டு உண்மையாகவே வலித்தது. இரண்டு வார்த்தை போதும். 'தோண்டினதைப் பார்த்தேன்.' மகலீத்தாவின் கம்பி பெட்டிக்குள் போய்விடும், திங்கட்கிழமை கப்பல் போய்விடும், மகளுக்குக் குழி இருக்கும். ஐம்பது வருஷப் போட்டிக்காரனுக்குக் குழியே இருக்காது. யாரும் யாரையும் சந்தேகப்படமாட்டார்கள். சந்தேகப்படத் தெரிந்த ஒரே ஆள் பனாபாதான்.

சலோவாவின் கால்களைப் பார்த்தான். ஈரமில்லாமல் வெடித்துக் கிடந்தன. ஏழு நாள் உச்சியிலிருந்து பார்த்தும் இந்தக் காலில் இருந்தது குடிக்கிற தண்ணீர் என்று அவன் புத்திக்கு எட்டவில்லை. பார்த்தவரைக்கும் சரியாகத்தான் பார்த்தான். நினைத்ததுதான் முழுக்கத் தப்பு.

"மண்வெட்டியப் பார்த்தேன்," என்றான். "ஈரத்தப் பார்த்தேன். தோண்டினதப் பார்க்கல."

"தோண்டுறான்னு நீதானேடா சொன்னே?"

"சொன்னேன்." சலோவாவை விட்டு எசெகியா பக்கம் திரும்பினான்.  "தோண்டினது நான். மூணடி. என் குழியில வடக்கு மூலையில. கடைசி நாள் ஒரு மணி நேரம் இறைச்சேன். அந்தப் பொண்ணு கம்பிய அங்க விட்டுப் பார்க்கட்டும்."

 கோழி ஒன்று மண்டபத்துக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"எப்படா தோண்டினே? ஒருத்தர் கண்ணுலயும் படாம?"

"ஞாயித்துக்கிழமை. நீங்க கோயில்ல இருக்கும்போது."

அப்போதுதான் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம் எழுந்தது. கிணறு போனதை விட அது பெரிசாகப் போயிற்று அவர்களுக்கு. "ஞாயித்துக்கிழமையா!" என்று போதகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு ஞாயிறா?" என்றாள் ஒருத்தி. "மூட்டு வலின்னானேன்னு நான் எண்ணெய் வேற குடுத்தேனே!" என்றாள் இன்னொருத்தி.

மகலீத்தா ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்தாள். எண்ணைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவள் முகமே சொல்லிற்று. கிணறு பழையபடி ஆக நல்ல மழை பெய்து இரண்டு வருஷமாவது ஆகும் என்றாள்.

திங்கட்கிழமை தீர்ப்பு நடந்தது. அதற்கு முன்னால் தன் செடிகளைத் தானே பிடுங்கிக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். எட்டு வயசுச் செடியைப் பனாபா கட்டிப்பிடித்து இழுத்தான். சுலபமாக வந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளை மாதிரி கனக்க வேண்டிய கிழங்கு அடியில் கறுத்து, குழைந்து, நாறிக்கொண்டு வந்தது. உப்பு முதலில் தின்றது அதைத்தான். அவன் அதை வெளியே போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

வீட்டுக்கு ஒரு கூடை பவழக்கல். அதுதான் விதி. ஒவ்வொருவராக வந்து கொட்டினார்கள்.  பெலெனிகேயும் ஒரு கூடை கொண்டுவந்தாள். அவர்களுடையதும் ஒரு வீடுதானே. அப்பனைப் பார்க்காமல் கொட்டிவிட்டுப் போனாள்.

சலோவா கடைசியாக வந்தான். கூடையைக் கரையில் வைத்துவிட்டுக் குழிக்குள் குதித்தான்.

"டேய், இறங்காதே!" என்று பனாபா பாய்ந்தான். பிறகு நின்றான். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

சலோவா கால் விரலால் இலைக் கசடைக் கிளறினான். குனிந்து ஒன்றை எடுத்தான். துருப்பிடித்த மீன் டின். இன்னொன்று. இன்னொன்று. படகு எந்திரத்தின் பழைய மூடி ஒன்று. அடுக்கடுக்காக, ஈரப்பலா இலைக்கு நடுவில் துரு.

"இதானாடா?"

பனாபா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதானாடா உங்க அப்பன் சாகும்போது உன் காதுல சொன்னது? பழைய டப்பாவா?"

"உனக்கென்ன?"

"எனக்கென்னவா?" சலோவாவின் குரல் கிறீச்சிட்டது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "நான் என்னத்தப் புதைக்க மண்வெட்டியோட போனேன்னு நினைச்சே? எங்க அப்பனும் இதத்தாண்டா சொன்னான்! இந்தக் கருமத்துக்காக நான் என் குழிய விட்டுக் குடுக்க இருந்தேன்!"

மேலே ஏறினான். கூடையைத் தூக்கினான். ஒரு கணம் தயங்குவான் என்று பனாபா நினைத்தான். தயங்கவில்லை. முழுக் கூடையையும் கவிழ்த்தான். கற்கள் டின்கள் மேல் விழுந்து சத்தம் போட்டன.

"என் பேத்திக்கு," என்றான். கூடையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

நவம்பர் முடிவில் தொட்டிகள் நாலும் வந்தன. அவற்றைக் கையளிக்க மந்திரியும் வரவில்லை, முன்னாள் மந்திரியும் வரவில்லை. கப்பல்காரன் உருட்டிவிட்டுப் போனான். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. தொட்டி நிறைந்து வழிந்தது. கிணறு மட்டும் கரித்துக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் பனாபாவின் தூண் காலியாக இருந்தது. அவன் வெளிவரிசையில் பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

வருஷக் கடைசி நாள் மத்தியானம் ரேடியோவில் அந்த வருஷம் நாட்டில் நடந்ததையெல்லாம் வாசித்தார்கள். விமானத் தளத்தில் கடல். அரசாங்க மாற்றம். நெருக்கடி நிலை. சிப்பாய்களின் எந்திரம். கால்பந்துக் குழு வெளிநாட்டில் தோற்றது. "வெளித்தீவு ஒன்றில் கிணறு ஒன்று பயனற்றுப் போனது." அவ்வளவுதான். அடுத்தது தபால்தலை.

"உம் பேரச் சொல்லல," என்றாள் பெலெனிகே. தீர்ப்புக்குப் பிறகு அவளாகப் பேசின முதல் பேச்சு.

"ஊர் பேரையே சொல்லல. எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்காது." பெட்டியை அணைத்தான். "நான் சாகும்போது உன் காதுல சொல்றதுக்கு இனிமே ஒண்ணும் கிடையாது. டப்பாதான்."

"தெரியும். சலோவா மாமா ஊர் முழுக்கச் சொல்லிட்டாரு."

சாயங்காலம் பாளை சீவப் போனான். மரம் மழையில் வழுக்கிற்று. உச்சியில் உட்கார்ந்து, பழக்கத்தில் கண் தானாகக் கிழக்கே போயிற்று. சலோவாவின் குழி இருந்த திசையில் புதிதாகப் பின்னிய ஓலைத் தட்டி, ஆள் உயரத்துக்கு மேல், சரியாக இந்த மரத்தைப் பார்த்து. மற்ற மூன்று பக்கமும் திறந்து கிடந்தது.

பனாபா அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானாக இருந்தாலும் கட்டியிருப்பேன் என்று நினைத்தான். கத்தியை எடுத்துப் பாளையில் வைத்தான். பிறகு தொண்டையைச் செருமினான். இன்னொரு தடவை செருமினான். அப்பன் பாடின பாட்டின் முதல் அடி மட்டும்தான் நினைவு இருந்தது. அதையே பாடினான். குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது. இரண்டாவது அடி தெரியாததால் முதல் அடியையே திரும்பப் பாடினான்.

பக்கத்து மரங்களில் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கீழே துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்தார்கள்.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் பனாபா! நிறுத்துடா! இப்பத்தாண்டா மழை வந்துச்சு, போயிடப் போவுது!"

பனாபா நிறுத்தவில்லை.